கோச்சைப் பற்றி மூன்று பக்கம்

எனக்கு ஃபுட்பால் தெரியாது. டெக்சாஸில் இதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்பதால் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. வீடு ரிச்சர்ட்சனில். அங்கிருந்து ஒரு மணி நேர டிரைவில் இருக்கும் ஒரு சின்னக் காலேஜின் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை. யார் வகுப்புக்கு வருகிறார்கள், யார் பாதியில் நிற்கிறார்கள், எத்தனை பேர் பட்டம் வாங்குகிறார்கள் என்று தொகுத்துக் கொடுப்பேன்.

அந்த கோச் வந்து சேர்ந்தபோது காலேஜ் டீம் படுமோசமாக இருந்தது. முந்தைய வருடம் ஜெயித்தது ஒரே ஒரு மேட்ச். மேட்சாவது பரவாயில்லை, டீமில் பாதிப் பேர் மார்க் போதாமல் காலேஜை விட்டே போகவேண்டிய நிலையில் இருந்தார்கள். அந்தப் பட்டியல் என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

அவருக்கு முன்பு இருந்தவர் வருகைப் பட்டியல் வாங்க யாரையாவது அனுப்புவார். இவர் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையும் தானே வந்தார். ஆறடிக்கு மேல் உயரம். என் மேஜைக்கு எதிரே இருந்த சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "யார் வரவில்லை?" என்று கேட்பார். நான் பெயர்களைப் படிக்கப் படிக்க எழுதிக்கொள்வார்.

ஒருமுறை, "இவன் கெமிஸ்ட்ரிக்கு மட்டும் ஏன் போவதில்லை?" என்றார்.

"அது காலை எட்டு மணி வகுப்பு" என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெயர் பட்டியலில் வரவே இல்லை. தினமும் ஏழரைக்குப் போய் அவன் ரூம் கதவைத் தட்டுகிறாராம்.

இரண்டாவது வருடம், பழைய மாணவர்கள் எல்லாரும் ஊர் திரும்பி வந்து பார்க்கும் பெரிய மேட்சில், டீமின் மிகச் சிறந்த மூன்று பேரை அவர் இறக்கவில்லை. வகுப்புக்கு மட்டம் போட்டவர்கள். அந்த மூன்று பெயர்களையும் செவ்வாய்க்கிழமை படித்துக் காட்டியது நான்தான். டீம் கேவலமாகத் தோற்றது. கணவரோடும் மகளோடும் அன்று நானும் ஸ்டேடியத்தில் இருந்தேன். பின்வரிசைக்காரர்கள் கோச்சை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லிக் கத்தினார்கள்.

"மாம், ஒய் ஆர் தே ஸோ மீன்?" என்று மகள் கேட்டாள்.

"தோத்துட்டாங்கல்ல, அதான்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நவம்பரில் என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். கோச் வந்து இரண்டு வருடம் ஆகிறது, டீம் தேறி வருகிறதா இல்லையா என்று ஒரு கமிட்டி முடிவு பண்ணப் போகிறது, அவர்களுக்கு ஒரு ரிப்போர்ட் வேண்டும் என்றார். நான் நான்கு பக்கம் தயார் செய்தேன். முதல் மூன்றில் வெற்றி தோல்வி, புள்ளிகள், டிக்கெட் விற்பனை. எல்லாமே சுமார்தான். நான்காவது பக்கத்தில் டீமின் படிப்பு. காலேஜை விட்டுப் போகும் நிலையில் இருந்தவர்களில் மூன்றே பேர் தவிர எல்லாரும் தேறியிருந்தார்கள். என் வேலையில் அப்படி ஒரு மாற்றத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

மேலதிகாரி கெட்டவர் அல்ல. நிதானமாகப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது. கடைசிப் பக்கம் மட்டும் வேண்டாம். அவர்கள் கேட்டது ஃபுட்பாலைப் பற்றி" என்றார்.

என் கிரீன் கார்டுக்கு காலேஜ் தரவேண்டிய கடிதம் அந்த வாரம் அவருடைய கையெழுத்துக்காகக் காத்திருந்தது. பத்து வருடக் காத்திருப்பின் கடைசி நாட்கள். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மிரட்டியிருந்தால் இன்றைக்கு அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். "ஓகே" என்று சொல்லிவிட்டு வந்து, நானே அந்தப் பக்கத்தை டெலீட் பண்ணினேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"நீ ஒண்ணும் பொய் எழுதலையே? கேட்டதைக் குடுத்திருக்க. கிரீன் கார்டு நேரத்துல எதுக்கு வம்பு?" என்றார்.

அவர் சொன்னதை இறுகப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நாள்தான் அது தாங்கியது.

கமிட்டி கூடியபோது ஸ்கிரீனில் பக்கங்களைக் காட்ட என்னையும் அழைத்திருந்தார்கள். மூன்று பக்கமும் ஓடி முடிந்தது. கமிட்டியில் ஒரு வயதான பல் டாக்டர் இருந்தார், அந்தக் காலேஜில் படித்தவர். அவர் மட்டும் என் பக்கம் திரும்பி, "இது தவிர நாங்கள் பார்க்க வேண்டியது ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

மேலதிகாரி தன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை, சார். இவ்வளவுதான்" என்றேன்.

குரல்கூட நடுங்கவில்லை.

டிசம்பர் முதல் வாரம் கோச்சை நீக்கினார்கள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும் அவர் வந்தார். அதே நாற்காலி, அதே கண்ணாடி.

"பரீட்சை நேரம். யார் வரவில்லை?"

நான் படித்தேன். அவர் எழுதிக்கொண்டார். எழுந்திருக்கும்போது, "ரிப்போர்ட் நீங்கள்தான் செய்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். நியாயமாகத்தான் இருந்தது. தோற்றால் தோற்றதுதான்" என்றார்.

அதை அப்படியே விட்டிருக்கலாம். எப்படியோ கை பிரிண்ட் பட்டனை அழுத்திவிட்டது. பழைய ஃபைலில் கிடந்த நான்காவது பக்கத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தார். மறுபடியும் மேலிருந்து படித்தார்.

"அவர்கள் இதைப் பார்த்தார்களா?"

"இல்லை."

"கேட்கவில்லையா?"

"கேட்டார்கள். வேறு எதுவும் இல்லை என்று நான் சொல்லிவிட்டேன்."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் தாளை நான்காக மடித்து, கண்ணாடி வைக்கும் பையிலேயே வைத்துக்கொண்டார். "சொன்னதற்கு நன்றி" என்று மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவரோடு பேசியது அதுதான் கடைசி.

கிறிஸ்துமஸுக்கு முன் சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, மகளிடம் எரிந்து விழுந்ததற்கும், இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாததற்கும் நடுவில், "ஆபீஸ்ல ஒரு பொய் சொன்னேன், ஃபாதர்" என்று வேகமாகச் சொல்லி முடித்தேன். ஃபாதர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கக் கூடாதென்றுதான் அப்படிச் சொன்னேன்.

கோடையில் கார்டு வந்தது. கணவர் ஃப்ரெண்ட்ஸையெல்லாம் கூப்பிட்டு பிரியாணி போட்டார். அந்த இலையுதிர் காலத்தில் புது கோச்சின் டீம் வரிசையாக ஜெயித்தது. ஆடியவர்கள் பெரும்பாலும் பழையவர் தேற்றி வைத்த அதே பையன்கள். ஒரே வருடத்தில் டீமைத் தூக்கி நிறுத்திவிட்டார் என்று உள்ளூர்ப் பத்திரிகை புதியவரைப் பாராட்டியது. பழையவர் வேறு ஏதோ ஊரில் ஹைஸ்கூல் டீமுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று நான் விசாரிக்கவில்லை.

அந்தப் பத்திரிகையைப் பார்த்த அன்று பல் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை நடந்தபடி, நான்காவது பக்கத்தையும் சேர்த்து. கார்டு கைக்கு வந்த பிறகுதான் இந்தத் தைரியம் வந்தது என்பதையும் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது, கையால் எழுதி.

"இதைப் பார்த்திருந்தாலும் நான் அவரை நீக்கவே ஓட்டுப் போட்டிருக்கலாம். தெரியவில்லை. ஆனால் உங்களை நம்பித்தான் கேட்டேன்."

கணவர் அதை வாங்கிப் படித்தார். "பாத்தியா, அவரே சொல்றாரு, எப்படியும் தூக்கியிருப்பாங்கன்னு. இனிமே இதை விடு" என்றார்.

அவர் முதல் வரியைப் படித்தார். எனக்கு இன்னும் கடைசி வரியைத் தாண்ட முடியவில்லை.