கிந்தோவின் சட்டை

மொப்தி ஆற்றுப் படித்துறையில் மீனைப் புகைபோட்டு விற்கும் கும்பாவுக்கு அரசாங்கம் என்றாலே உதடு கோணும். ரேடியோவில் அணிவகுப்பு இசை கேட்டால் இன்னொரு தளபதி நாற்காலியைப் பிடித்துவிட்டான் என்று அர்த்தம். “இவனாவது காலைக் கழுவிட்டு உள்ள போனானா?” என்று கேட்டுவிட்டு மீனைத் திருப்பிப் போடுவாள். காப்பாற்ற வந்த நீலத் தொப்பி வெளிநாட்டுப் படையினர் வெயிலில் சிவந்து ஊர் திரும்பினார்கள். மீன் விலை ஏறியதுதான் மிச்சம்.

அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டில் திரியும் தாடிக்காரர்கள்மீதும் அவளுக்கு அதே மதிப்புதான். போன வாரம் அவர்களில் சிலர் அவள் கணவன் புராமாவின் படகில் துப்பாக்கியைக் காட்டி ஏறி அக்கரைக்குப் போனார்கள். அந்தக் குற்றத்துக்காகச் சோதனைச் சாவடிப் பட்டாளம் புராமாவை அடைத்து வைத்தது. சாயங்கால லாரியில் ஏற்றிவிட்டால் அவ்வளவுதான்; ஏறியவர் எவரும் திரும்பியதில்லை.

கும்பா மீன்கூடையோடு சாவடிக்குப் போய் நின்றாள். காவல் நின்றவன் சட்டையில் ‘கிந்தோ’ என்றிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்ததும் உயிர் வந்தது. அது மலையில் வெங்காயம் விளைவிக்கும் டோகோன் இனத்தாரின் பெயர். அவர்களும் ஆற்று மீனவர்களான போஸோ இனத்து இவர்களும் கேலி முறைக்காரர்கள். என்ன திட்டினாலும் கோபப்படக் கூடாது. ஒருவர் ரத்தத்தை ஒருவர் சிந்தவும் கூடாது.

“டே வெங்காயம்! எங்க மீன்தலையை நக்கி உசுரு வளத்த கூட்டம்தானடா நீங்க? என் புருஷனை விடுறா!”

அவன் துப்பாக்கியை நீட்டினான். “யாரைடி வெங்காயம்ங்கிற?”

கும்பா சட்டையைக் காட்டினாள். “நீ கிந்தோ இல்லியா?”

“நான் தெக்கத்தியான். கிந்தோ போன மழையில குண்டுபட்டுச் செத்துட்டான். எனக்கு இன்னும் உடுப்பு வரல.”

“செத்தவன் சட்டையையா மாட்டி விட்டிருக்கானுங்க?”

“துவைச்சுத்தான் குடுத்தாங்க.”

தளபதிகளின் நெஞ்சில் பதக்கம் குத்த இடம் போதாததை அவள் டி.வி.யில் பார்த்திருக்கிறாள். தூ என்று துப்பினாள். பிறகு கூடையை இறக்கினாள். டோகோன் சாவில் பிணத்தைக் கேலி செய்வது போஸோக்களின் உரிமை. சட்டையைப் பார்த்துக் கத்தினாள்:

“ஏ கிந்தோ, சோம்பேறி! காவல் நிக்க உடம்பு வணங்காமத்தானே படுத்துக்கிட்ட? எந்திரிடா! உன் பங்கு வெங்காயத்தையும் நானே தின்னுட்டேன்!”

அவனுக்குச் சிரிப்பு பீறிட்டது. உடனே மூக்கைத் துடைத்துக்கொண்டான். “அவனும் இப்படித்தான். போஸோப் பொம்பளைங்க வந்தா நாள் பூரா மல்லுக்கட்டுவான். ஒருத்தியையும் நிறுத்தி வைக்க மாட்டான்.”

“அவன் சட்டையைப் போட்டவன் நீ மட்டும் என் புருஷனை அடைச்சு வைக்கலாமா?”

அவன் ரோட்டைப் பார்த்தான். பிறகு புராமாவை அடைத்திருந்த அறைக் கதவைத் திறந்தான். “ஆளு மாறிப் பிடிச்சுட்டோம்னு சொல்லிக்கிறேன். ஆனா இனிமே அவனுங்களைப் படகுல ஏத்தக் கூடாது.”

“துப்பாக்கியோட வர்றவனை எறங்குன்னு சொல்ல நீ வந்து நிப்பியா?”

அவன் விலகி வழிவிட்டான். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டாள். புராமாவின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

கரை திரும்புகையில் எதிரே அந்தச் சாயங்கால லாரி வந்தது. பழக்கதோஷத்தில் புராமாவின் கை நெற்றிக்கு எழும்பியது. கும்பா அதைத் தட்டிவிட்டாள்.

“சும்மா நடய்யா. இவனுங்களுக்குச் சலாம் ஒண்ணுதான் கொறச்சல்!”