சனிக்கிழமைப் பை

மண்டபத்தூரில் அந்த வீட்டு வாசலில் என் பையைக் கொட்டிக் காட்டாமல் ஒரு சனிக்கிழமையும் நான் உள்ளே போனதில்லை. வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய்ப் படுக்கையில் கிடந்த ஒரு மீனவ அம்மாவைக் குளிப்பாட்டி, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைப்பதுதான் என் வேலை. காரைக்காலில் எங்கள் மாதா கோயில் பெண்கள் ஆளுக்கொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டோம். எனக்கு வாய்த்தவர் இவர். பையைச் சோதிப்பவள் அவருடைய மருமகள்.

"பொஸ்தகம் எதும் வச்சிருக்கீங்களா?"

"சோப்பும் பஞ்சும்தாம்மா."

பவுடர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்ப்பாள். ஜெபித்த எண்ணெய் பூசி மதம் மாற்றிவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளைக் குறை சொல்லவும் முடியாது. கடல் ஊருக்குள் புகுந்துபோன மறுவருஷம் அது. ஒரு கையில் அரிசியும் மறு கையில் கேமராவுமாக எத்தனையோ பேர் வந்து போயிருந்தார்கள்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. புண் ஆறாததைப் பார்த்து, வாரம் முழுக்க இவள் மாமியாரைத் திருப்பிக்கூடப் படுக்கவைப்பதில்லை என்று சந்தேகப்பட்டேன். போர்வையை முகர்ந்து பார்ப்பேன். சோற்றுத் தட்டைத் தூக்கிப் பார்ப்பேன். நல்ல பெயர் வாங்கத்தான் இங்கே வருகிறேனோ என்று பஸ்ஸில் என்மேலேயே சந்தேகம் வரும்.

ஒருநாள் பையைச் சோதித்துவிட்டு, மருமகள் மீன் கூடையோடு வியாபாரத்துக்குக் கிளம்பிவிட்டாள். குளித்து முடித்த அம்மா சாமி மாடத்தையே பார்த்தார். அங்கே விபூதித் தட்டு இருந்தது. இடது கை அசையும். ஆனால் இடது கையால் விபூதி பூச அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் கையால் வலது கையைத் தூக்கப் பார்த்தார். அது நழுவி விழுந்தது. மறுபடியும் தூக்கினார்.

என் கழுத்தில் சிலுவை. நான் பூசிவிடலாமா? அது எனக்குப் பொய்யாகப் பட்டது. பார்க்காததுபோல் இருந்துவிடலாமா? அது அதைவிடப் பெரிய பொய். கடைசியில் தட்டை எடுத்து வந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்து, அவர் விரலாலேயே தொடவைத்து நெற்றிக்குக் கொண்டுபோனேன். கோடு கோணலாக விழுந்தது. அவர் கண் நிறைந்தது, எனக்கும்தான்.

திரும்பி வந்த மருமகள் மாமியாரின் நெற்றியைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "எங்க மாடத்துல யாரு கை வச்சது?"

நடந்ததைச் சொன்னேன். மாமியாரின் விரலைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் பையை எடுத்து என்னிடம் நீட்டினாள். இனி உள்ளே விடமாட்டாள், புண் புழுத்துவிடும் என்று வாரமெல்லாம் பயந்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் பையைக் கொட்டினாள். ஆனால் எல்லாவற்றையும் அவளே திரும்ப அடுக்கினாள். மேலே ஒரு விபூதிப் பொட்டலத்தை வைத்தாள்.

"மாடத்தத் தொடாதீங்க. இத பையிலயே வச்சுக்கங்க."

அப்போதும் என்னை முழுசாக நம்பவில்லை பாருங்கள்! எனக்குச் சிரிப்புதான் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்த ஒரு பெண்மணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பையைத் திறந்தேன். பொட்டலத்தைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"என்னங்க இது, உங்க பையில?"

பையை அவர் மடியில் கொட்டினேன்.

"நல்லாப் பாத்துக்கங்க," என்றேன். "அடுத்த வாரமும் இதெல்லாம்தான் இருக்கும்."