அடிஸ் அபாபாவில் ஒரு சக்கர நாற்காலி

போன வருடம் மார்கழியில், ஜேர்மனியிலிருந்து தென்னாபிரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனேன். பிராங்பேர்ட்டில் ஏறி, எத்தியோப்பியத் தலைநகரான அடிஸ் அபாபாவில் விமானம் மாற வேண்டும். டிக்கெட் போட்டது எசன் நகரில் என்னோடு இருக்கும் மகன்.

"அப்பா, சக்கர நாற்காலி வேணும் எண்டு போட்டுவிடுறன். வரிசையில நிக்கத் தேவையில்லை, கேட் தேடி அலையவும் தேவையில்லை. எல்லாரும் செய்யினம்தானே."

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஆனால் தினமும் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடக்கிறவன். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, இங்கே வந்து பதினெட்டு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டில் தள்ளியவன். ஒரு மனிதனைத் தள்ளுவது என்ன பாரம் என்று தெரிந்த நான்தான் "ஓம், போடு" என்றேன்.

காலையில் இறங்கினோம். அந்த நேரத்தில் அங்கே விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்குகின்றன. வந்தவர்கள் எல்லோரும் சிறிது நேரத்துக்குள் ஆபிரிக்காவின் நாலு பக்கமும் பிரிந்து போக வேண்டும். திருவிழாக் கூட்டம்தான். ஆனாலும் பணியாளர்கள் ஊர்ப்பெயர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒருவரும் தொலைந்துபோகாமல் பிரித்து அனுப்பினார்கள். அசந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் தள்ளி வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க, மெலிந்த ஒரு பெண்.

லிப்டடியில் ஒரு வயோதிப மாது நிலத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு ஊன்றுகோல்கள். எங்கள் விமானத்தில் வந்தவர்தான். ஜேர்மனியில் இடுப்பில் ஆபரேஷன் செய்துவிட்டு ஊர் திரும்புகிறார். நாற்காலிகள் எல்லாம் ஆட்களோடு போய்விட்டன. அவருடைய விமானம் புறப்படப் போகிறது, தவறவிட்டால் அடுத்தது நாளைக்குத்தான். என்னைத் தள்ளி வந்த பெண் இதையெல்லாம் விசாரித்து எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். பக்கத்தில் கிடந்த நீள இருக்கையைக் காட்டி, உங்களுக்கு நேரம் இருக்கிறது, இந்த வாங்கில் கொஞ்சம் இருக்க முடியுமா, திரும்பி வந்து கூட்டிப்போவேன் என்று கேட்டார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து, முழங்கால் நோகிறவன் போல முனகி, நொண்டி நொண்டிப் போய் வாங்கில் இருந்தேன். நாற்காலியில் ஏறிய அந்த அம்மா என் பக்கம் திரும்பி, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். தன்னைப்போல ஒரு நோயாளி இடம் விட்டுக்கொடுத்ததாக நினைத்துவிட்டார்.

எங்கிருந்தோ கோப்பி வறுக்கும் வாசம் வந்தது. அந்தப் பெண் திரும்பிவர நேரமாகும் என்று நினைத்து, எழுந்து விறுவிறென்று நடந்து போய் ஒரு கோப்பி வாங்கினேன். திரும்பும்போது பார்த்தால், அவர் வெறும் நாற்காலியோடு மூச்சு வாங்க நிற்கிறார். நான் வாங்கில் இல்லாததைக் கண்டு பதறி, பக்கத்தில் இருந்தவர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கண்டார். நான் நடந்துவந்த வேகத்தையும் கண்டார்.

ஏசப்போகிறார் என்று நினைத்தேன். "கோப்பி நல்லா இருக்கோ, ஐயா?" என்று கேட்டார். அவர் பேசிய ஆங்கிலத்தை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். "அந்த அம்மாவைக் கதவு மூடமுதல் ஏத்திப்போட்டன். வாங்கோ, இனி நீங்கள்." நாற்காலியை என் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

உட்கார மனம் வரவில்லை. எனக்கு ஒரு நோயும் இல்லை, பொய் சொல்லித்தான் ஏறினேன் என்றேன்.

"அது எனக்கு விமானக் கதவடியிலேயே தெரியும்" என்று சிரித்தார். "ஆனால் சந்தேகத்தில ஒருத்தரை இறக்கிவிட்டு, அவருக்கு உண்மையாவே ஏலாதெண்டால் நான் என்ன செய்யிறது?"

ஆஸ்பத்திரியில், நடக்கக்கூடியவர்களைக் கட்டிலில் தள்ளும்போதெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன் நான். என் பையை அந்த நாற்காலியில் வைத்து, கேட் வரைக்கும் நானே தள்ளிக்கொண்டு போனேன். உயரமான மலையூர், காற்று குறைவு. ஒரு பை வைத்த நாற்காலிக்கே எனக்கு மூச்சு வாங்கியது. அவர் இதே நாற்காலியில் ஒரு மனுசியை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

மகள் வீட்டுக்குப் போனதும், திரும்பும் பயணத்துக்குப் போட்டிருந்த நாற்காலியை நீக்கும்படி மகனிடம் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், அந்த அம்மாவிடம் சொல்ல வழியில்லை. இன்றைக்கும் ஏரிக்கரையில் நடக்கும்போது, எனக்குச் சேராத அந்த நன்றியை நினைத்தால் கால் தானாகவே நின்றுவிடுகிறது.