வெல்டு வைத்த என்ஜின்

அகாசியாக் காடு பூத்துவிட்டது என்று கேள்விப்பட்டு லெயோந்தினா தேன் லாரியைக் கிளப்பிக்கொண்டு போனாள். தெகூச் நகரத்தைத் தாண்டிய சமவெளியில், ஒரு கடுகு வயல் ஓரமாக லாரி நின்றுபோனது. நின்றுபோனது என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளே ஏதோ முறிந்து, என்ஜினின் விலாவைப் பொத்துக்கொண்டு வெளியே வந்து, சாலையெல்லாம் ஆயிலைக் கக்கிவிட்டு அது செத்தது.

லாரியின் முதுகில் இருபுறமும் அடுக்கடுக்காகத் தேன்பெட்டிகள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாசல் அடைத்த பெட்டிக்குள் தேனீக்கள் வெந்து செத்துவிடும். அந்த வழியாக வந்த டிராக்டர்காரரைக் கெஞ்சி லாரியை வயலுக்குள் இழுக்க வைத்தாள், வாசல்களைத் திறந்துவிட்டாள். திறந்தபின் அந்த இடம்தான் தேனீக்களுக்கு வீடு. பகலில் பத்தடி நகர்த்தினாலும் மேயப் போனவை திரும்பி வந்து வெறும் காற்றைச் சுற்றும். ஆகவே என்ஜினை மாற்றுவதென்றால் அங்கேயே, அந்த வயலிலேயே மாற்ற வேண்டும். அகாசியா அந்த வருஷம் போனது போனதுதான். ஜூனில் தான்யூப் ஆற்றுக்கு அக்கரையில் லிண்டன் மரக்காடு பூக்கும். அதற்குள் லாரி ஓடியாக வேண்டும்.

லெயோந்தினாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. நெசவாலையில் வேலை பார்த்தவள். ஆலை மூடியதும் கணவன் அங்கேலுடன் தேன்பெட்டிகளோடு ஊர் ஊராகச் சுற்றப் பழகிக்கொண்டாள். ராணுவம் கழித்துப்போட்ட ஒரே மாதிரி லாரிகள் இரண்டை அங்கேலும் அவன் தம்பி செவஸ்தியானும் ஒரே நாளில் ஏலத்தில் எடுத்தார்கள். ஒரு பிப்ரவரியில், மரங்கள் வெடிக்கும் உறைபனியில், அங்கேல் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். சாவுச் சாப்பாட்டில் கோஸ் இலை உருண்டைகள் ஆறுவதற்குள் செவஸ்தியான் சொன்னான்:

"லாரியை எனக்குக் குடுத்துடுங்க அண்ணி. உங்களுக்கு ஓட்டத் தெரியாது."

அவள் வசந்தத்தில் போய் லாரி ஓட்டப் பழகினாள். தேர்வில் இரண்டு முறை தோற்றாள், பிறகு ஜெயித்தாள். அன்றிலிருந்து ஒரே தெருவின் இரு முனைகளில் குடியிருந்தும் அவனுடன் பேச்சு இல்லை. காலப்போக்கில் அவனுடைய தேனீக்கள் உண்ணி பிடித்து குளிர்காலத்தில் மாண்டன. கண்ணும் மங்கிப்போக, லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவன் லாரி வால்நட் மரத்தடியில் நின்றது. ஞாயிறு காலையில் அதை ஸ்டார்ட் செய்து உறும விடுவான். பூசையில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று பாதிரியார் குறைபட்டுக்கொள்வார்.

மெக்கானிக் எஃப்திமி வயலுக்கு வந்து, தூரத்தில் நின்றபடியே என்ஜினைப் பார்த்தார். அவருக்குத் தேனீ என்றால் பயம்.

"இதுக்கு வைத்தியம் இல்லக்கா. வேற என்ஜின்தான்."

"எந்த என்ஜின்?"

"இதே ஜாதி கெடைச்சா நல்லது. வேற ஜாதின்னா சேஸை வெட்டணும், கியர்பாக்ஸை மாத்தணும். அதுக்குள்ள லிண்டன் பூத்து உதிர்ந்துடும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "உங்க கொழுந்தன் வீட்ல..."

"காயலான் கடை எங்க இருக்கு, அதைச் சொல்லு."

கலாத்ஸ் நகரத்தின் விளிம்பில் கோஸ்தின் என்பவரின் காயலான் கடை. அதே ஜாதி என்ஜின் ஒன்று அங்கே இரும்புச் சட்டத்தின் மேல், சாம்பல் நிறப் பெயின்டில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"தீயணைப்பு வண்டியில இருந்தது மேடம். வருஷத்துல நாலு தடவைதான் வெளிய போகும். புதுசு மாதிரி," என்றார் கோஸ்தின். சுவிட்சைத் தட்டினார். உடனே பிடித்துக்கொண்டு சீராக ஓடியது.

எஃப்திமியின் முகம் மலர்ந்துவிட்டது. லெயோந்தினா மட்டும், அவர்கள் வந்து இறங்கியதுமே அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருந்தாள். சுட்டது.

"இப்பத்தான் ஓட்டினீங்களா?"

"உங்களுக்காகத்தான். காத்திருக்க வேண்டாமேன்னு."

யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினாள். மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். கோஸ்தினுக்கு அது பிடிக்கவில்லை. சில்லென்றிருந்த என்ஜின் செல்ஃப் எடுத்தது, இருமியது, பிடிக்கவில்லை. கோஸ்தின் எங்கிருந்தோ ஒரு ஸ்ப்ரே டப்பாவைக் கொண்டுவந்து காற்றுக்குழாய்க்குள் அடித்தார். அப்புறம்தான் வெள்ளைப் புகையோடு எழுந்தது. எஃப்திமி ஆயில் மூடியைத் திறந்தார். உட்புறத்தில் தயிர்போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"ஆயில்ல தண்ணி கலந்திருக்கு," என்றார் மெதுவாக.

"ராத்திரி பனி அது," என்றார் கோஸ்தின்.

"இதுக்கு என்ன கோளாறு உண்டு? நீங்களே சொல்லுங்க," என்று கேட்டாள் லெயோந்தினா.

"கோளாறா? ஒண்ணுமே கிடையாது மேடம்!"

வேனில் திரும்பும்போது எஃப்திமி வேறு கடைகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்திருந்தாள். ஊர் நெருங்கியதும் சொன்னாள்: "தெருமுனையில நிறுத்து. அந்த முனையில."

செவஸ்தியான் திராட்சைக் கொடிகளுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தான். கை முழங்கை வரை நீலம். அவளைப் பார்த்து வாங்க என்று சொல்லவில்லை. "நாய் கடிக்காது," என்றான்.

"உன் லாரி என்ஜினைக் கேட்டு வந்திருக்கேன்."

"ஊரே பேசுது. காயலான் கடையெல்லாம் சுத்திட்டு இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சாக்கும்."

"ஞாபகம் முதல்லயே வந்துச்சு. கால்தான் வரல."

அவன் கையைத் துணியில் துடைத்தான். நீலம் போகவில்லை. வால்நட் மரத்தடிக்கு நடந்தான். அவள் பின்னால் போனாள்.

"ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க. மூணாவது சிலிண்டர் ஆயில் குடிக்கும், குடிகாரன் மாதிரி. குளிர்ல பிடிக்கும், ஆனா கொஞ்ச நேரம் நீலமா புகை விடும். இந்தப் பக்கம் பாருங்க." என்ஜினின் விலாவைத் தடவிக் காட்டினான். புழு ஊர்ந்ததுபோல ஒரு தழும்பு. "விரிசல் விட்டு வெல்டு வெச்சது. மேடு ஏறினா தண்ணி கசிஞ்சு வேர்க்கும்."

"எப்படி விரிசல் விட்டுச்சு?"

"என்ஜின் தண்ணியை ராத்திரி எறக்கி வைக்காம விட்டுட்டேன். உறைஞ்சு வெடிச்சுடுச்சு."

"நீயா? நீ ஒரு ராத்திரிகூட மறக்க மாட்டியே."

"அண்ணன் போய்ச் சேர்ந்த வாரம்," என்றான்.

லெயோந்தினா தழும்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாரம் முழுக்க இவனுக்கு லாரி நினைப்புத்தான் என்று இத்தனை வருஷமாக எண்ணியிருந்தாள். அவன் ஏறிச் சாவியைத் திருப்பினான். என்ஜின் பிடித்தது, நீலமாகப் புகைந்தது, சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் தெளிந்தது.

"என்ன வேணும் உனக்கு?"

"காசு வேண்டாம். ரெண்டு பெட்டி தேனீ குடுங்க."

"கண்ணு தெரியாம ராணியை எப்படித் தேடுவே?"

"ராணி என்னைத் தேடட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "அப்ப நீயும் கேட்டுக்க. ஒண்ணு நல்லா உழைக்கும், ஆனா கொட்டும், காரணமே வேண்டாம். இன்னொண்ணு பசு மாதிரி. ஆனா ஜூன் வந்தா பிரிஞ்சு பறக்கப் பாக்கும். கவனிக்கலன்னா அடுத்த வீட்டு மரத்துல போய்த் தொங்கும்."

"ரெண்டும் சரி," என்றான்.

விஷயத்தைக் கேட்டு எஃப்திமி தலையில் கைவைத்துக்கொண்டார். "வெல்டு வெச்சதையா? அக்கா, அது ஒட்டுப்போட்ட பானை!"

"பெயின்ட் அடிச்ச பானையில ஓட்டை எங்கன்னே தெரியல. இதுல தெரியும்."

தலைவலை, கையுறை, வெயிலில் இரண்டு சட்டை, இவ்வளவையும் போட்டுக்கொண்டு எஃப்திமி கடுகு வயலில் வேலை பார்த்தார். அப்படியும் கணுக்காலில் கொட்டு வாங்கி, தேனீயையும் ராணுவத்தையும் சேர்த்துத் திட்டினார். டிராக்டர்காரர் சங்கிலியில் என்ஜினைத் தூக்கிக் கொடுத்தார். செவஸ்தியான் வரவில்லை. ரேடியேட்டர் மூடியை இறுக்க வேண்டாம், தளர்வாக இருந்தால் வெல்டுக்கு அழுத்தம் குறையும் என்று மட்டும் சொல்லியனுப்பினான்.

ஒரு சாயங்காலம் தேனீக்கள் அடைந்ததும் வாசல்களை மூடிவிட்டு லெயோந்தினா புறப்பட்டாள். வண்டிகளை ஏற்றும் படகில் தான்யூபைக் கடந்து, அக்கரை மேட்டில் ஏறும்போது வெல்டு வேர்த்தது. நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, மறுபடி ஏறினாள். நல்ல இடங்களையெல்லாம் மற்றத் தேன்காரர்கள் பிடித்துவிட்டிருந்தார்கள். அவளுக்குக் கிடைத்தது மண்சாலையோரம், புழுதி. தேன் வழக்கத்தைவிடக் குறைவு. நஷ்டம் என்று சொல்ல முடியாது.

செவஸ்தியானிடம் போன பெட்டிகளில் சாதுவானது ஜூனிலேயே பறந்துவிட்டது. கொட்டுவது தங்கியது. வீங்கிய கண்ணோடு தெருவில் நின்று, "இது அண்ணி குடுத்தது," என்று போவோர் வருவோரிடம் புகார் சொன்னான்.

சூரியகாந்தி பூக்கும் சமயத்தில், அடுத்த பயணத்துக்காக அவள் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். என்ஜின் மூடியைத் திறந்து, ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டான். மூன்றாவது சிலிண்டரைப் பற்றி ஏதோ முணுமுணுத்தான். பிறகு, பார்வையை எங்கோ வைத்துக்கொண்டு கேட்டான்: "முன் சீட்ல இடம் இருக்கா?"

"தேனீக்குப் புகைபோடுற டப்பா இருக்கு."

"அதை எங்க வைக்க?"

"மடியில வெச்சுக்க," என்றாள் லெயோந்தினா.