அம்மா படுக்கும் பக்கம்

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் நான் வேலை செய்யும் கடையின் பின்முற்றத்தில் எங்கள் பழைய கரவான் நிற்கிறது. காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கும் சின்ன வீடு அது. லூர்து மாதாவிடம் போகத்தான் வாங்கினோம். அம்மாவுக்கு நாரி நோவு, கனநேரம் இருந்தால் இடுப்பு பிடித்துவிடும். வழியில் படுத்து எழும்ப இடமில்லாவிட்டால் அவவால் வரவே முடியாது.

துருப்பிடித்த அடிச்சட்டத்தை அண்ணை வெல்டிங் செய்து முடித்துவிட்டார். ஸ்பிரிங் பாரம் தாங்குமா என்று பார்க்க, இன்று கடை அரிசி மூட்டைகளை உள்ளே நடுவில் அடுக்கினார்.

"பாத்தியே, கல்லு மாதிரி நிக்குது."

ஆட்களுக்கு முன்னால் எனக்குக் கதை வராது. ஆனாலும் கேட்டேன்.

"அம்மா நடுவிலையோ படுக்கப்போறா? கட்டில் இடப்பக்கமெல்லோ."

"இஞ்சினியர் அம்மா வாய் திறந்திட்டா," என்று கடை முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மூட்டைகளைக் கட்டிலுக்கு மாற்றினோம். கரவான் அந்தப் பக்கம் சரிந்து, சக்கரம் அதற்கு மேலுள்ள மூடித் தகரத்தில் முட்டியது.

அண்ணை கீழே புகுந்து, இடப்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றி, இன்னொரு தகடு சேர்த்துப் பூட்டினார்.

பின்னேரம் அம்மாவையே கூட்டிவந்து படுக்க வைத்தோம். அண்ணை ஒரு மூலையைப் பிடித்து மெல்ல ஆட்டினார்.

"அம்மா, நாரியிலை குத்துதே?"

எட்டிப் பார்த்தேன். இரவெல்லாம் புரண்டுகொண்டே கிடக்கும் அம்மா நல்ல நித்திரை.

அண்ணை வேலைக்குப் போட்டிருந்த பாட்டுக் கசெற்றை நிறுத்தினார். முதலாளிகூடக் குசுகுசுக்கிறார்.

வலப்பக்க ஸ்பிரிங் வேலை இன்னும் கிடக்கிறது. துருப்பிடித்த நட்டைச் சத்தமில்லாமல் கழற்றத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.