எட்டாம் எண் விமானம்

நான் ஏற வேண்டிய நாகப்பட்டினம் கப்பல் இன்னும் வரவில்லை. பினாங்கு துறைமுக ஜெட்டியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கடல் விமானங்கள் மூன்று தண்ணீரில் ஆடுகின்றன. மூன்றும் ஒரே அச்சு; விலாவில் எழுதிய எண்தான் வேறு.

பக்கத்தில் கடலை விற்கும் அக்கா எட்டாம் எண்ணைத் தேடுகிறாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு சிங்கப்பூருல இந்த விமானங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை, அண்ணே. உப்புத்தண்ணி அரிச்சிடும், நம்பரை அடிக்கடி புதுசா எழுதணும். அவரு போடுற எட்டுக்கு இடுப்பு ஒல்லியா இருக்கும். கடுதாசி எழுதத் தெரியாது. அந்த எட்டைப் பார்த்துத்தான் ஆளு நல்லா இருக்காருன்னு தெரிஞ்சிக்குவேன் லா."

கடைசி விமானம் அலையில் திரும்புகிறது. புதுப் பெயிண்டில் எட்டு மினுங்குகிறது. இடுப்பு தடித்திருக்கிறது.

அக்கா வெகுநேரம் பார்க்கிறாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான், எவனோ."

பிறகு என் பெட்டியைப் பார்க்கிறாள்.

"அண்ணே, உங்க கப்பல் சிங்கப்பூர் போகுமா?"