வலைக்குள் ஒரு மாதுளை

செடிக்குப் பக்கத்தில் போவதற்கு முன்னால் அவர் கண்ணாடியைக் கழற்றுவார். இடது பக்கம் ஓர் ஊது, வலது பக்கம் ஓர் ஊது. சட்டையின் உட்புற ஓரத்தால் துடைப்பார். வெளிப்புறம் ஆகாது, அதில் நாள் முழுக்கப் பட்ட தூசி. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கை முன்னால் இருந்தால் எதையாவது தொட்டுவிடும் என்று அவருக்கு அவர் மேலேயே சந்தேகம். அப்புறம்தான் எண்ண ஆரம்பிப்பார். உதடு அசையும், சத்தம் வராது. எண்ணி முடிக்கும்வரை வீட்டில் யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து.

எண்ணுவது மாதுளைப் பூக்களை. ஏழாவது மாடி பால்கனியில், துணி துவைக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே, ஆழமில்லாத ஒரு தொட்டியில் முழங்கை உயரத்துக்கு நிற்கிற குட்டை மாதுளை. விரல் பருமனில் வாங்கி வந்த குச்சி. பதினொரு வருஷமாகக் கம்பி சுற்றி வளைத்து, கம்பி தடம் பதிக்குமுன் அவிழ்த்து, மறுபடி சுற்றி, காற்றில் சாய்ந்த கிழமரம் மாதிரி ஆக்கி வைத்திருந்தார். அந்தப் பொறுமை அவருடைய தொழிலிலிருந்து வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்தாறு வருஷமாக லென்ஸின் ஓரம் தேய்ப்பவர். ஒரு மயிரிழை கூடிவிட்டால் லென்ஸ் சட்டத்தில் உட்காராது, குறைந்துவிட்டால் கீழே விழுந்துவிடும். கடையிலும் குடியிருப்பிலும் அவருக்கு லென்ஸ்காரர் என்றே பெயர். அவர் மனைவிக்கோ அந்தச் செடிதான் சக்களத்தி. “என் சக்களத்தி தண்ணி குடிச்சாச்சா? அப்ப எனக்கும் ஒரு டீ கிடைக்குமா?” என்று காலையில் கேட்பாள்.

ஒருமுறை புறா உட்கார்ந்து ஒரு கிளை முறிந்தது. அன்றைக்கே ஆள் வைத்து பால்கனி முழுக்கக் கொசுவலை அடித்துவிட்டார். புறா என்ன, எறும்பு வருவதற்கே யோசிக்க வேண்டும். மரம் பத்திரமாக இருந்தது. இரண்டு வருஷம் பூத்தது, பூத்தது, உதிர்ந்தது. ஒரு காய் இல்லை. உரத்தை மாற்றினார், மண்ணை மாற்றினார், தொட்டியைத் திருப்பி வைத்தார். வலையை மட்டும் நினைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மகனுக்குக் கல்யாணம் ஆனது. மகன் தானே பார்த்துக்கொண்ட பெண். அவளுக்குக் கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிற வேலை. பெண் குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவளுடைய அப்பா ஒரு விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டுபவர். லென்ஸ்காரர் அதை வாய்விட்டு ஆட்சேபிக்கவில்லை. கடையில் யாராவது சம்பந்தி என்ன செய்கிறார் என்று கேட்டால் மட்டும், “தோட்டக்கலைத் துறையில இருக்கார்” என்பார். சொல்லிவிட்டுச் சட்டென்று லென்ஸ் பக்கம் குனிந்துகொள்வார்.

மருமகள் வந்த வருஷம் மரத்தில் நாலு காய் பிடித்தது. கோலிக்குண்டு அளவில், கன்னம் சிவந்து, ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு சின்னக் கிரீடம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று மகன் கேலி செய்தான். லென்ஸ்காரர் காதில் வாங்கவில்லை. குறுமரக் கண்காட்சிக்கு எடுத்துப் போனார், இரண்டாம் பரிசு வந்தது. எப்படிக் காய்க்க வைத்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நின்று நிதானமாகச் சொன்னார்: சாம்பல் சத்து, வெயில் படும் கோணம், எந்தக் கணுவுக்கு மேலே வெட்டுவது என்று. மருமகள் பின்னால் நின்று கைதட்டினாள்.

அடுத்த வருஷம் முதல் பரிசுதான் என்று மனசுக்குள் எழுதி வைத்துவிட்டார். ஒரு சனிக்கிழமை எண்ணியபோது பத்தொன்பது பூ. ஞாயிற்றுக்கிழமை பதினாலு. தரையில் ஒரு இதழ்கூட விழுந்து கிடக்கவில்லை. உதிர்ந்திருந்தால் கிடக்குமே. பின்னறைக் கண்களுக்கு இது போதாதா? திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, கடைக்குப் போவதுபோல் செருப்பு மாட்டி, மாடிப்படி வரை போய்த் திரும்பி வந்தார்.

மருமகள் மரத்தின் முன்னால் குந்தியிருந்தாள். கையில் அப்போதுதான் பறித்த ஒரு பூ. விரல் நுனியெல்லாம் மஞ்சள் பொடி.

“பறிச்சியா?” என்றார்.

“ஆமா மாமா. இது வந்து...”

அந்த ‘ஆமா’வுக்கு மேல் அவர் கேட்கவில்லை. பதினொரு வருஷம் என்றார், முதல் பரிசு என்றார், நாலு பூ தலையில் வைக்க வேண்டுமென்றால் கடையில் கிடைக்காதா என்றார். அவள் இரண்டு தரம் வாயெடுத்தாள், இரண்டு தரமும் அடக்கினார். நரம்பில்லாத நாக்கு அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

“புல்லு வெட்டுற வீட்டுல பொறந்தவளுக்கு இதோட அருமை எங்க தெரியப்போகுது? உங்கப்பா மாதிரி கண்ணை மூடிட்டு மெஷினைத் தள்ளிட்டுப் போற வேலைன்னு நெனச்சியா இதை?”

அவள் எழுந்தாள். பூவை மெஷின் மூடிமேல் வைத்தாள். சோப்புத்தூள் டப்பாமேல் சாய்த்து வைத்திருந்த போனை எடுத்து, முகப்பு நெஞ்சில் படும்படி பிடித்துக்கொண்டு, உள்ளே போனாள். அவர் மீதியைக் கணக்கெடுத்தார். பதிமூன்று.

அன்றிலிருந்து அவள் பால்கனிப் பக்கம் வரவில்லை. துணி காயப்போடுவதைக்கூட மாமியார் ஏற்றுக்கொண்டாள், ஏன் என்று கேட்காமலே. பதிமூன்று பூவும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. உதிர்ந்த ஒவ்வொன்றையும் அவர் மருமகள் கணக்கில்தான் சேர்த்தார்.

இதற்கு நடுவில் சம்பந்தி ஒருநாள் மகளைப் பார்க்க வந்தார். தோளில் ஒரு மூட்டை: மக்கிய இலையை மூன்று சல்லடையில் சலித்து, டீத்தூள் பதத்தில் கொண்டு வந்திருந்தார். லிஃப்ட் வேலை செய்யாத நாள், ஏழு மாடியும் ஏறி வந்திருந்தார். செருப்பை வாசலுக்கு வெளியே சுவரோரமாக ஒதுக்கி விட்டுவிட்டு வந்து மரத்தின் முன்னால் நின்றார். வெகுநேரம் பார்த்தார். அவரும் கையைப் பின்னால்தான் கட்டியிருந்தார்.

“நல்லா வளத்திருக்கீங்க சம்பந்தி. இந்த மண்ணு இதுக்கு ஒத்துக்கும்னு தோணுச்சு. மத்தபடி எனக்கு என்ன தெரியும், நான் புல்லு வெட்டுறவன்.”

தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு லென்ஸ்காரர் சிரித்தார். மூட்டையை மெஷினுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்.

கண்காட்சிக்கு அந்த வருஷம் வெறுங்கையோடுதான் போனார். எலுமிச்சையைக் குறுமரமாக வளர்க்கிற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இவரைப் பிடித்துக்கொண்டு, மாதுளை எங்கே என்று கேட்டார். பூ நிற்கவில்லை என்றார் இவர். பால்கனி திறந்ததா என்று கேட்டார் டிரைவர். இல்லை, கொசுவலை.

“வலையா? அப்ப தேனீ எப்படி வரும், லிஃப்ட்லயா? உங்க வீட்டுல பூவுக்குப் பூ ஒத்துறது யாரு?”

இவர் விழித்தார். டிரைவர் விரலையே பூவாகக் குவித்துக் காட்டினார். மாதுளையில் இரண்டு பூ. அடி பெருத்துக் குடம் மாதிரி இருப்பது காய்க்கும். அடி ஒல்லியாக மணி மாதிரி இருப்பது எப்படியும் உதிரும். அந்த மணிப்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, அதன் மஞ்சள் பொடியைக் குடப்பூவின் நடுவில் மெல்ல ஒத்தி எடுக்க வேண்டும், தினமும் காலையில்.

“போன வருஷம் நாலு காய் சும்மாவா வந்துச்சு? யாரோ கெட்டிக்காரங்க ஒத்தியிருக்காங்க.”

“வீட்டுல செய்வாங்க,” என்றார் லென்ஸ்காரர். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்தபோது காது மடல் சுட்டது. இருபத்தாறு வருஷம் மயிரிழையை அளந்த கண், பதினொரு வருஷம் தினமும் எண்ணிய பூவில் இரண்டு ஜாதி இருப்பதைப் பார்த்ததில்லை. எண்ணியிருக்கிறது, அவ்வளவுதான். அவள் பறித்த அந்த ஒற்றைப் பூ மெஷின் மூடிமேல் கிடந்தது ஞாபகம் வந்தது. அடி ஒல்லியான பூ. கண்ணை மூடிக்கொண்டு மெஷினைத் தள்ளியது யார் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்க ஆறு நாள் ஆனது. தினமும் தொண்டைவரை வரும், ‘டீ ஆறிடுச்சு’ என்று வெளியே விழும். ஆறாம் நாள் கத்தரியை எடுத்து, வலையில் ஒரு கைக்குட்டை அளவு சதுரமாக வெட்டினார். சத்தம் கேட்டு மருமகள் வந்து வாசற்படியிலேயே நின்றாள். அவர் திரும்பாமல் வலையைப் பார்த்தே பேசினார்.

“தப்பு என்மேலம்மா. பூ விஷயத்துல மட்டும் இல்ல. பேசினதும் தப்பு.”

“பரவால்ல மாமா. நானும் மொதல்லயே சொல்லியிருக்கணும். உங்க மரம், நீங்க சந்தோஷமா இருந்தீங்க. அதான் சொல்லல.”

அடுத்த பூப்பு வந்தபோது அவரே கூப்பிட்டு, கற்றுக்கொடுக்கச் சொன்னார். அவள் மணிப்பூவைக் கிள்ளி அவர் விரலில் கொடுத்தாள். இரண்டு பூவுக்கு ஒத்தி முடித்த பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

“உங்கப்பாகிட்ட இதெல்லாம் சொல்லிடாதம்மா. நான் அன்னைக்குப் பேசினதை.”

அவள் அடுத்த பூவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“நான் எதுவும் சொல்ல மாட்டேன் மாமா.”

அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. சலித்த மண் மூட்டையை அன்றைக்கே பிரித்து மரத்துக்குப் போட்டார். மூன்று காய் பிடித்தது.

காய் சிவக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள், மகன் தன் அம்மாவிடம் சொன்ன ஒரு செய்தி அவள் வழியாக அவருக்கு வந்தது. மருமகளுக்கு எந்தப் பூவைப் பறிப்பது என்பதில் எப்போதும் ஒரு குழப்பம் உண்டாம். அதனால் காலையில் போனைச் சோப்புத்தூள் டப்பாமேல் சாய்த்து வைத்து, வீடியோ காலில் தன் அப்பாவிடம் பூவைக் காட்டித்தான் பறிப்பாளாம். அந்தத் திங்கட்கிழமையும் போனில் சம்பந்தி இருந்திருக்கிறார். மகள் எழுந்து போனை எடுக்கும்வரை இணைப்பைத் துண்டிக்கவில்லை. அதற்குப் பதினோராவது நாள்தான் மண்ணைச் சலித்து எடுத்துக்கொண்டு ஏழு மாடி ஏறி வந்தார்.